திரைகடல் ஓடித் தேடிய ஆலயம்

உலகப்படத்தை மேசைமேல் விரித்துப் பசிபிக் மாக்கடலைப் பாருங்கள், தோழியரே! பூமியின் மேற்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரே கடல் மூடியிருக்கிறது. அந்த நீலப் பரப்பின் நடுவே, யாரோ கைதவறிச் சிந்திய கடுகுமணிகளைப் போலச் சில புள்ளிகள் தெரியும். ஹவாய், சமோவா, டோங்கா, தஹித்தி என்று அவற்றின் அருகே பொடி எழுத்தில் பெயர்கள் இருக்கும். வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, தென்கிழக்கே ஈஸ்டர் தீவு ஆகிய மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஒரு பெரிய முக்கோணம் கிடைக்கும். அதற்குப் பொலினீசியா என்று பெயர். திசைகாட்டும் கருவி எதுவுமின்றி, விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் பறவைகளின் பறப்பையும் பார்த்தே ஓடம் செலுத்தி இத்தீவுகளில் குடியேறிய மக்கள் பொலினீசியர்.

திரைகடல் ஓடிப் பொருள் தேடியவர்களைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். திரைகடல் ஓடி ஆலயம் தேடியவர்களைப் பற்றி நாம் அதிகம் படித்ததில்லை. மார்மன்கள் என்று அழைக்கப்படும் ஒரு சமயத்தாரின் ஆலயங்கள் இந்தச் சின்னஞ்சிறு தீவுகளில் எழுந்த வரலாறு அப்படிப்பட்டது. கட்டடங்களின் வரலாறு என்பதைவிட அதைத் தூரத்தின் வரலாறு என்றே சொல்லலாம். கடலும் நோயும் மரணமும் பிரித்துவைத்த குடும்பங்கள், 'நாம் மீண்டும் ஒன்றுசேர்வோம்' என்ற ஒரு நம்பிக்கைக்காக எவ்வளவு தூரம் சென்றன, என்ன விலை கொடுத்தன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மார்மன்கள் யார்?

1830-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் ஒரு சபையை நிறுவினார். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் முழுப் பெயரின் பொருள். மொரோனி என்னும் வானதூதர் காட்டிய பொன் தகடுகளிலிருந்து தாம் மொழிபெயர்த்ததாக அவர் கூறிய நூல் 'மார்மன் நூல்' எனப்படும். அந்நூலின் பெயரைக் கொண்டே அயலார் அவர்களை மார்மன்கள் என்று அழைத்தனர். 2018-ஆம் ஆண்டில் அச்சபையின் தலைமை, இந்தச் செல்லப் பெயரை விடுத்து முழுப் பெயரையே வழங்குமாறு கேட்டுக்கொண்டது. என்றாலும், வரலாற்று நூல்களில் பழகிவிட்ட பெயர் என்பதால் நாம் இங்கே சுருக்கமாக அதனையே எழுதுகிறோம்.

தொடக்கத்திலேயே அவர்களுக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. 1844-இல் ஜோசப் ஸ்மித்தும் அவருடைய அண்ணன் ஹைரம் ஸ்மித்தும் சிறையில் இருந்தபோது ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டனர். பின்பு பிரிகாம் யங் என்பவர் தலைமையில் அம்மக்கள் மேற்கு நோக்கி நடந்து, 1847-இல் யூட்டா பகுதியில் உள்ள உப்பேரிப் பள்ளத்தாக்கில் குடியேறினர். சால்ட் லேக் நகரம் அவ்வாறு தோன்றியதே.

ஆலயம் வேறு, வழிபாட்டுக் கூடம் வேறு

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாகப் புரிந்துகொண்டால்தான் பின்வரும் கதை விளங்கும். மார்மன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி வழிபடும் இடம் சாதாரண வழிபாட்டுக் கூடம். அதற்குள் யாரும் செல்லலாம். ஆலயம் என்பது அதனின்று வேறானது. அது ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். புதிதாகக் கட்டி முடிந்ததும் சில நாள்கள் எல்லாருக்கும் திறந்து காட்டுவார்கள். அர்ப்பணிப்புச் சடங்கு முடிந்தபின், சபைத் தலைவர்களிடம் பரிந்துரைச் சீட்டுப் பெற்ற உறுப்பினர்கள் மட்டுமே உள்ளே செல்லலாம். உள்ளே சடங்குகளில் பங்கு பெறுவோர் அனைவரும், செல்வரும் ஏழையரும் ஒன்றுபோல, வெள்ளை உடை அணிவர்.

அங்கே நடைபெறும் சடங்குகளில் இரண்டு நம் கதைக்கு முக்கியமானவை. ஒன்று, 'முத்திரையிடுதல்'. கணவனையும் மனைவியையும், பெற்றோரையும் பிள்ளைகளையும், சாவுக்கு அப்பாலும் பிரியாதபடி இணைக்கும் சடங்கு இது என்பது அவர்கள் நம்பிக்கை. மற்றொன்று, இறந்தோருக்காகப் பெறும் ஞானஸ்நானம். உயிரோடிருக்கும் ஒருவர், இறந்துபோன தம் முன்னோர் ஒருவரின் பெயரால் அதனைப் பெறுவார். அதை ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆன்மாவின் விருப்பம் என்று அவர்கள் கூறுவர். இதற்காகவே அவர்கள் தங்கள் வமிசாவளியைத் தேடித் தேடி எழுதி வைக்கிறார்கள்.

இந்தச் சடங்குகளை ஆலயத்துக்கு வெளியே செய்ய இயலாது. ஆகவே ஆலயம் இல்லாத நாட்டில் வாழும் மார்மன் குடும்பம், தன் சமயத்தின் மிகப் பெரிய வாக்குறுதியைக் காதால் கேட்கலாம். கையால் பெற முடியாது. தீவு மக்களின் நிலை இதுவே.

திமிங்கில வேட்டைக் கப்பலில் வந்தவர்கள்

1843-ஆம் ஆண்டில் அடிசன் பிராட் என்பவரும் மூன்று தோழர்களும், திமிங்கில வேட்டைக்குப் புறப்பட்ட ஒரு கப்பலில் ஏறிப் பசிபிக் தீவுகளுக்குச் சென்றனர். நால்வருள் ஒருவர் நடுக்கடலிலேயே நோயால் இறந்தார். 1844 ஏப்ரல் 30-ஆம் நாள் அவர்கள் துபுவாய் என்னும் தீவை அடைந்தனர். இது இன்று பிரெஞ்சுப் பொலினீசியாவைச் சேர்ந்தது. பிராட் அங்கேயே தங்கினார். மற்றவர்கள் தஹித்திக்குச் சென்றனர். ஆங்கிலம் பேசாத மக்களிடையே மார்மன்கள் தொடங்கிய முதல் மறைபரப்புப் பணி இதுவே.

நாம் பெண்கள் ஆகையால், வீட்டில் விட்டுச் செல்லப்பட்டவர்களைப் பற்றியும் கேட்க வேண்டும் அல்லவா? பிராட்டின் மனைவி லூயிசா, நான்கு பெண் குழந்தைகளோடு தனித்து விடப்பட்டார். கணவர் இல்லாமலே அவர் மாட்டு வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, சமவெளிகளையும் மலைகளையும் கடந்து 1848-இல் யூட்டாவை அடைந்தார். அதே ஆண்டில் ஐந்தாண்டுப் பிரிவுக்குப்பின் கணவரும் திரும்பினார். மீண்டும் அவர் தீவுகளுக்கு அனுப்பப்பட்டபோது, லூயிசா 1850-இல் நான்கு மகள்களையும் அழைத்துக்கொண்டு கப்பலேறித் துபுவாய்க்கே போய்ச் சேர்ந்தார். அங்கே தீவுப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பாடமும் தையலும் கற்பித்தார். அவர் எழுதிவைத்த நாட்குறிப்புகள் இன்று வரலாற்று ஆசிரியர்களுக்குப் பெருந்துணையாக உள்ளன.

1852-இல் பிரெஞ்சு ஆட்சியின் கட்டுப்பாடுகளால் போதகர்கள் அனைவரும் வெளியேற நேர்ந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1892-இல்தான் யூட்டாவிலிருந்து மீண்டும் போதகர்கள் வந்தனர். அதற்குள் பலர் வேறு சபைகளுக்குச் சென்றிருந்தாலும், பழைய நம்பிக்கையை விடாமல் காத்துவந்த சிலரை அவர்கள் கண்டனர். ஆசிரியர் இல்லாத வகுப்பறையில் நாற்பது ஆண்டுகள் பாடத்தை மறவாமல் இருப்பது எளிய செயலா?

ஒரு நீதிபதியும் ஒரு பதினைந்து வயதுச் சிறுவனும்

1850 டிசம்பரில் பத்துப் போதகர்கள் ஹவாயின் ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கினர். அந்நாளில் ஹவாய் தனி அரசரைக் கொண்ட நாடாக இருந்தது. போதகர்களுள் ஜார்ஜ் கேனன் என்பவர் மாவுய் தீவில் ஜோனதன் நபேலா என்ற ஹவாயரைச் சந்தித்தார். நபேலா நீதிபதியாகப் பணியாற்றியவர். லஹைனாலூனா கல்விக்கூடத்தில் பயின்றவர். 1852-இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். அவரும் கேனனும் பக்கத்தில் பக்கமாக அமர்ந்து மார்மன் நூலை ஹவாய் மொழியில் பெயர்த்தனர். ஒரு சொல்லுக்கு ஹவாயர் உள்ளத்தில் என்ன பொருள் தோன்றும் என்பதை நபேலாவைக் கேட்டுக் கேட்டே கேனன் எழுதினார். நூல் 1855-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் அச்சேறியது.

1854-இல் ஹவாய்க்கு வந்த மற்றொரு குழுவில் நம் வயதுடைய ஒருவர் இருந்தார். கொல்லப்பட்ட ஹைரம் ஸ்மித்தின் மகன் ஜோசப் எஃப். ஸ்மித் என்பவரே அவர். ஐந்து வயதில் தந்தையையும் பதின்மூன்று வயதில் தாயையும் இழந்த அந்தச் சிறுவனுக்கு அப்போது வயது பதினைந்து! அந்நிய மண்ணில் கடும் நோயில் விழுந்த அவனை ஹவாய்ப் பெண்மணி ஒருவர் தம் பிள்ளையைப் போலப் பேணிக் காத்தார். பல ஆண்டுகள் கழித்து அவர் சபைத் தலைவராக ஹவாய்க்கு வந்தபோது, பார்வை இழந்து முதிர்ந்திருந்த அம்மூதாட்டி கையில் சில வாழைப்பழங்களோடு துறைமுகத்தில் நின்று, 'இயோசேப்பா, இயோசேப்பா' என்று அழைத்தாராம். ஜோசப் என்ற பெயரை ஹவாயர் அவ்வாறே உச்சரிப்பர். கூட்டத்தை விலக்கி ஓடிச் சென்று அவரைத் தழுவிக்கொண்டார் ஸ்மித் என்று உடன் இருந்தவர் எழுதியிருக்கிறார்.

தொழுநோயர் தீவில் இரு நண்பர்கள்

நபேலாவின் கதையை இன்னும் சிறிது சொல்ல வேண்டும். அவருடைய மனைவி கிட்டி என்பவரைத் தொழுநோய் பற்றியது. அக்காலத்தில் ஹவாய் அரசு தொழுநோயாளரை மொலோக்காய் தீவில் கலவுபாப்பா என்னும் இடத்துக்கு அனுப்பிவிடும். ஒருபுறம் வானளாவிய செங்குத்துப் பாறை, மறுபுறம் சீறும் கடல். போனவர் திரும்புவதில்லை. நபேலாவுக்கு நோய் இல்லை. ஆயினும் 1873-இல் மனைவியின் உதவியாளராகத் தாமும் அங்கே சென்றார். சிறிது காலம் குடியிருப்பின் மேற்பார்வையாளராகவும், அங்கிருந்த மார்மன்களுக்கு வழிகாட்டியாகவும் இருந்தார்.

அதே 1873-ஆம் ஆண்டு மே மாதத்தில் கலவுபாப்பாவில் வந்து இறங்கிய இன்னொருவரை நம் பள்ளியில் அறியாதார் இல்லை. அவர்தான் தந்தை தமியான். கத்தோலிக்கக் குருவும் மார்மன் நீதிபதியும் அங்கே நண்பர்களாயினர். கொள்கையில் இருவரும் இரு துருவங்கள். ஆனால் புண்களைக் கழுவவும் பிணங்களை அடக்கம் செய்யவும் ஆள் இல்லாத இடத்தில் இருவரும் ஒரே வேலையைச் செய்தனர். நபேலாவையும் தொழுநோய் பற்றியது. 1879 ஆகஸ்டில் அவர் இறந்தார். அடுத்த சில நாள்களில் அவர் மனைவியும் இறந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1889-இல், தந்தை தமியான் அதே நோயால் உயிர் நீத்தார். 2009-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்ததை நாம் அறிவோம்.

தம் மக்களின் மொழியில் மறைநூலைத் தர உழைத்த நபேலா, தம் மண்ணில் ஓர் ஆலயத்தைக் காணாமலே கண் மூடினார். அதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன.

பாலைவனத்தில் ஒரு ஹவாய்

ஆலயம் வராவிட்டால் நாம் அதனிடம் போவோம் என்று சில ஹவாயர் துணிந்தனர். ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் கடந்து யூட்டாவுக்குச் சென்றனர். ஆனால் சால்ட் லேக் நகரில் வெள்ளையர் பலர் அவர்களை வேற்றினத்தார் என்று ஒதுக்கினர்; வேலை கிடைப்பதும் அரிதாயிற்று. எனவே 1889-இல் நகருக்குத் தென்மேற்கே 'மண்டையோட்டுப் பள்ளத்தாக்கு' என்று பொருள்படும் பெயருடைய வறண்ட நிலத்தில் அவர்களுக்கென ஓர் ஊர் அமைக்கப்பட்டது. அதற்கு 'இயோசேப்பா' என்று பெயரிட்டனர்.

தென்னையும் கடலும் கண்டு வளர்ந்தவர்கள் அங்கே பனியையும் புழுதியையும் கண்டனர். கால்வாய் வெட்டி மலைநீரைக் கொணர்ந்தனர். மரம் நட்டனர், ஆடு மாடு வளர்த்தனர். குளிராலும் நோயாலும் பலர் மாண்டனர். 1896-இல் அங்கும் தொழுநோய் தலைகாட்டியது. ஆனாலும் இருபத்தெட்டு ஆண்டுகள் அவர்கள் அந்த ஊரைக் காத்தனர். ஆலயத்துக்கு அருகில் வாழ்வதற்காகச் சொந்த மண்ணையும் கடலையும் விட்டு வாழ்ந்தனர்.

1915-இல் ஹவாயில் ஆலயம் கட்டப்படும் என்ற செய்தி வந்ததும் அவர்கள் மூட்டை கட்டினர். 1917-க்குள் ஊர் காலியாயிற்று. கல்லறைகளை மட்டும் கப்பலில் ஏற்ற முடியவில்லை! பெற்ற குழந்தையை அம்மண்ணில் புதைத்துவிட்டுத் தாயகம் திரும்பிய தாய்மாரின் உள்ளம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்றும் ஆண்டுதோறும் மே மாத இறுதியில் பொலினீசியக் குடும்பங்கள் அங்கே கூடிக் கல்லறைகளை மலர்களால் அலங்கரிக்கின்றன.

லாயியேயில் எழுந்த ஆலயம்

ஓவாஹு தீவின் வடகிழக்குக் கரையில் லாயியே என்னும் ஊர் இருக்கிறது. 1865-இல் அங்கே ஏறத்தாழ 6,000 ஏக்கர் நிலத்தைச் சபை வாங்கிக் கரும்பு பயிரிட்டு வந்தது. 1915 ஜூன் முதல் நாள், பதினைந்து வயதில் அநாதையாக ஹவாயில் வந்து இறங்கிய அதே ஜோசப் எஃப். ஸ்மித், இப்போது 76 வயது முதியவராக, சபையின் தலைவராக, அவ்விடத்தை ஆலயத்துக்கென நேர்ந்தளித்தார்.

தீவில் நல்ல கட்டடக் கல்லும் மரமும் குறைவு. ஆகவே எரிமலைக் குழம்பு உறைந்த பாறையையும் பவளப் பாறையையும் உடைத்துக் கான்கிரீட்டில் கலந்தனர். கோபுரம் இல்லாமல், மேலிருந்து பார்த்தால் நான்கு கைகளும் சமமான சிலுவை வடிவில், தட்டையான கூரையோடு வெண்மையாக எழுந்தது அந்த ஆலயம். உச்சியில் நாற்புறமும் புடைப்புச் சிற்பங்கள். முன்புறம் படிப்படியாக இறங்கும் நீர்த்தடாகங்கள். ஸ்மித் 1918 நவம்பரில் இறந்துவிட்டார். ஓராண்டு கழித்து, 1919 நவம்பர் 27-இல் அவருக்குப் பின்வந்த ஹீபர் ஜே. கிராண்ட் ஆலயத்தை அர்ப்பணித்தார். அமெரிக்கக் கண்டத்துக்கு வெளியே கட்டப்பட்ட முதல் மார்மன் ஆலயம் இதுவே.

தீவு மக்கள் உள்ளத்தில் இது ஏன் வேரூன்றியது?

வெளியூரார் கொண்டுவந்த சமயம் தீவு மக்களிடம் எப்படி நிலைத்தது என்ற வினா நமக்கு எழுகிறது. இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன.

முதலாவது, பொலினீசியர் ஏற்கெனவே முன்னோரை மறவாதவர்கள். மாவோரி மக்கள் தங்கள் குலவழியை, எந்த ஓடத்தில் எந்தப் பாட்டன் வந்தான் என்பது வரை, மனப்பாடமாகச் சொல்லுவர். ஹவாயிலும் சமோவாவிலும் டோங்காவிலும் இவ்வழக்கம் உண்டு. எழுத்து அறிமுகமாவதற்கு முன்பே பல தலைமுறைப் பெயர்களை நினைவில் காத்தவர்களிடம், 'உங்கள் முன்னோரை எங்கள் ஆலயம் மறக்காது' என்று சொன்னால், அது அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றுமா? இதைப் படிக்கும் நம்மில் எத்தனை பேருக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியும் என்று கேட்டுப் பார்த்தால், அவர்களுடைய பெருமை நமக்கு விளங்கும்.

இரண்டாவது, இச்சமயத்தைத் தீவுக்குத் தீவு கொண்டு சென்றவர்களில் தீவு மக்களும் இருந்தனர். கிமோ பேலியோ, சாமுவேலா மனோவா என்ற இரு ஹவாயர் 1863-இல் சமோவாவுக்குச் சென்றனர். அவர்களை அனுப்பிய வால்டர் கிப்சன் என்பவர் 1864-இல் சபையிலிருந்து விலக்கப்பட்டார். பேலியோ 1876-இல் அங்கேயே இறந்தார். மனோவா தனித்து நின்றார். ஜோசப் டீன் என்ற போதகர் தம் மனைவியோடு 1888-இல் வந்து சேர்ந்தபோது, 25 ஆண்டுகள் காத்திருந்த மனோவா அவர்களை வரவேற்றார். நபேலாவையும் மனோவாவையும் நீக்கிவிட்டு இவ்வரலாற்றை எழுதவே முடியாது.

பசுவை விற்றுப் பயணம்

1919-க்குப் பின்னும் தென் பசிபிக் மக்களுக்குத் தூரம் குறையவில்லை. நியூசிலாந்தின் மாவோரியர் ஆலயம் காண ஹவாய்வரை கப்பலில் செல்ல வேண்டியிருந்தது. 1958 ஏப்ரல் 20-இல் நியூசிலாந்தின் ஹாமில்டன் நகருக்கருகே ஓர் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. அதைக் கட்டியவர்களுள் பெரும்பாலோர் கூலி வாங்காத தொண்டர்கள். உணவும் உறைவிடமும் கைச்செலவுக்குச் சிறு தொகையும் மட்டும் பெற்றுக்கொண்டு, கட்டடத்துக்கு வேண்டிய கான்கிரீட் கற்களையும் அவ்விடத்திலேயே வார்த்தனர். இத்தொண்டு முறை டோங்காவில் லியஹோனா பள்ளியைக் கட்டிய நாளில், 1950-களின் தொடக்கத்தில், உருவாகி வளர்ந்தது. கொத்து வேலையும் தச்சு வேலையும் அறியாத இளைஞர்கள் கட்டிக்கொண்டே கற்றுக்கொண்டனர்.

ஆனால் டோங்காவிலிருந்து நியூசிலாந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். சமோவாவிலிருந்து இன்னும் அதிகம். மீனும் கிழங்கும் கொப்பரையும் கொண்டு வாழ்ந்தவர்களுக்குக் கப்பல் கட்டணம் மலைபோன்றது. பல ஆண்டுகள் காசு சேர்த்தனர். பசுவையும் பன்றியையும், நெய்த பாய்களையும், வீட்டுச் சாமான்களையும் விற்றனர். பிள்ளைகள் அனைவரையும் அழைத்துச் செல்ல இயலாத வீட்டில் யாரை விட்டுச் செல்வது என்று பெற்றோர் கலங்கியிருப்பர். குடும்பத்தை இணைப்பதற்கான சடங்கே குடும்பத்தைப் பிரிப்பதாக அமைந்தால் அது எத்தனை துயரம்!

1977-இல் அமெரிக்கச் சமோவாவின் பாகோ பாகோ நகரில் எல்லாத் தீவுகளுக்கும் பொதுவாக ஓர் ஆலயம் கட்டத் திட்டமிட்டனர். 1980-இல் அத்திட்டத்தை மாற்றி, சிறிய ஆலயங்களாக ஒவ்வொரு தீவு நாட்டிலும் ஒன்று கட்ட முடிவு செய்தனர். அதன்படி 1983 ஆகஸ்டில் சமோவாவின் ஆப்பியாவிலும் டோங்காவின் நுக்குவலோபாவிலும், அக்டோபரில் தஹித்தியின் பாப்பேட்டேயிலும் ஆலயங்கள் அர்ப்பணிக்கப்பட்டன. தொலைவில் ஒரு பெரிய மாளிகையைவிடப் பக்கத்தில் ஒரு சிறிய வீடு மேல் என்று கண்டறிந்த முடிவு இது. இன்று டோங்காவில், அரசின் மக்கள்தொகைக் கணக்கின்படி, ஏறத்தாழ ஐவருள் ஒருவர் இச்சபையினர்.

கலகமும் தீயும்

2000-ஆம் ஆண்டு மே மாதம் ஃபிஜித் தீவில் ஆயுதம் தாங்கியோர் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, பிரதமர் மகேந்திர சௌத்ரியையும் மற்றவர்களையும் பிணைக் கைதிகளாகப் பிடித்தனர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல் அவர். அப்படிச் சென்றோரில் தமிழரும் பலர் உண்டு. அந்தக் கொந்தளிப்பின் நடுவே ஜூன் 18-இல் சூவா நகர ஆலயம், பெருங்கூட்டம் எதுவுமின்றி, ஒரு சிறு குழுவினர் முன்னிலையில் அர்ப்பணிக்கப்பட்டது.

2003 ஜூலை 9-ஆம் நாள், புதுப்பிக்கும் பணி நடந்துகொண்டிருந்த ஆப்பியா ஆலயத்தில் தீப் பிடித்தது. பசுவை விற்று நியூசிலாந்து சென்ற தலைமுறையினரின் கண்ணெதிரே, அவர்கள் காத்திருந்து பெற்ற ஆலயம் எரிந்து சாம்பலாயிற்று. கோபுர உச்சியில் இருந்த மொரோனியின் சிலை மட்டும் கரி படிந்து நின்றது. விரைவில் மறுபடியும் அடித்தளம் தோண்டினர். 2005 செப்டம்பர் 4-இல் புதிய ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது.

நாம் கருத வேண்டியவை

ஒரு சமயத்தைப் பற்றி எழுதும்போது புகழ்ச்சியை மட்டும் எழுதுவது முறையாகாது. கறுப்பின ஆடவருக்கு இச்சபை நெடுங்காலம் குருத்துவத்தை மறுத்தது. கறுப்பின மக்கள் ஆணாயினும் பெண்ணாயினும் ஆலயச் சடங்குகளை முழுமையாகப் பெற முடியவில்லை. பொலினீசியரை இத்தடை கட்டவில்லை என்றாலும், 1978 ஜூன் வரை அது நீடித்தது என்பது வருந்தத்தக்கது. இயோசேப்பாவில் ஹவாயர் ஒதுக்கி வைக்கப்பட்டதும் அத்தகையதே.

கொள்கையிலும் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அவர்கள் கடவுளைப் பற்றிக் கூறும் போதனை மூவொரு கடவுள் பற்றிய நம் விசுவாசத்தோடு ஒத்துப்போகாததால், அவர்களுடைய ஞானஸ்நானம் செல்லத்தக்கதன்று என 2001-இல் வத்திக்கான் அறிவித்தது. இறந்தோரின் ஆன்மாவுக்காக நாம் செபிக்கிறோம். அவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுவதில்லை. இவ்வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. தந்தை தமியானும் நபேலாவும் அதை மறைத்து நண்பர்களானவர்கள் அல்லர். தங்கள் தங்கள் நம்பிக்கையில் உறுதியாக நின்றுகொண்டே ஒருவரையொருவர் மதித்தனர்.

தோழியரே, ஓர் ஆலயத்தைக் காணும்போது அதன் உயரம் எத்தனை அடி, செலவு எவ்வளவு என்று கேட்பது உலக வழக்கம். அங்கே வந்து சேர்ந்தவர்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார்கள், வழியில் எதை விற்றார்கள், யாரைப் புதைத்தார்கள் என்றும் கேட்கப் பழகுவோம். நம் வீட்டிலிருந்து கோயில் நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. பாட்டியும் பெற்றோரும் உடன்பிறந்தாரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். தீவு மக்கள் கடல் கடந்து தேடிய இவ்விரண்டும் நமக்குத் தேடாமலே கிடைத்திருக்கின்றன. இன்று மாலை வீட்டுக்குப் போனதும், பாட்டியின் அருகில் அமர்ந்து, அவருடைய தாயின் பெயரையும் அந்தத் தாயின் தாயின் பெயரையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வைப்போமா?